‘டெட்லைன்’ சாவை உதறிய விதம்

கேள்வி இது: ஆங்கில அகராதியில் ‘டெட்லைன்’ என்ற சொல்லுக்கு, கைதிகள் தாண்டினால் சுடப்படும் சிறைக்கோடு என்று ஒரு பழைய பொருள் போட்டிருக்கிறார்கள். வேலையை முடித்துத் தரவேண்டிய கடைசி நேரமாக அது எப்படி மாறியது? நேர்ப்பொருள் உருவகப் பொருளாவதற்கு விதி ஏதாவது உண்டா? மூலப்பொருளை விட்டுவிட்டுப் பேசுவது தவறாகாதா? மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது?

இந்த மாற்றம் ஒரே தாவலில் நடப்பதில்லை. ஒரு சொல்லைப் புதிய இடத்துக்கு எடுத்துச் செல்பவர் அதன் பழைய பொருளில் ஏதோ ஒரு கூறைக் கழற்றிப் போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்கிறார். அடுத்து வருபவர் இன்னொரு கூறைக் கழற்றுகிறார். நாலைந்து கை மாறியபின் முதல் பொருளையும் கடைசிப் பொருளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் நமக்குத்தான் திகைப்பு. இடையில் இருந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் இருந்திருக்காது. இதற்கு ‘டெட்லைன்’ அருமையான சான்று. பெரும்பாலான சொற்களின் இளமைக்காலம் நமக்குத் தெரிவதில்லை. இந்தச் சொல்லின் இளமையோ ஒரு கொலை வழக்கின் ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 பிப்ரவரியில், நாட்டிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பு ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் என்ற சிற்றூரில் ஒரு போர்க்கைதிகள் முகாமைத் திறந்தது. கேம்ப் சம்ட்டர் என்பது அதன் அலுவல் பெயர். கட்டடம் என்று சொல்ல எதுவும் கிடையாது. பைன் மரங்களை நெருக்கமாக நட்டுச் சுவராக்கிய திறந்தவெளி. முதலில் 16.5 ஏக்கர், பிறகு 26.5 ஏக்கர். அந்த ஆகஸ்டில் அதற்குள் 30,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். முகாம் இயங்கிய 14 மாதங்களில் அங்கே கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 45,000 பேரில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றவை சீதபேதி, வயிற்றுப்போக்கு, ஸ்கர்வி.

சுவருக்கு உள்ளே, ஏறத்தாழ 20 அடி தள்ளி, குட்டையான கம்பங்களின் மேல் மரச்சட்டங்களை அடித்து ஒரு வேலி ஓடியது. வேலி என்பதுகூடச் சற்று அதிகம். அதுதான் ‘டெட் லைன்’. அப்போது இரண்டு சொல்லாகவே எழுதினார்கள். அதைத் தொட்டாலோ தாண்டினாலோ சுவரின் மேல் கூண்டுகளில் நின்ற காவலர்கள் சுடலாம். முகாமின் குறுக்கே ஓர் ஓடை ஓடியது. அது உள்ளே நுழையும் இடத்தில் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக இருக்கும். அங்கே கோட்டுக்கு அடியில் கையை நீட்டித் தண்ணீர் மொள்ளப் போனவர்கள் சுடப்பட்டார்கள் என்று பிழைத்து வந்தவர்கள் பின்னர் சாட்சி சொன்னார்கள். ஆண்டர்சன்வில்லுக்கு மட்டும் உரிய கொடுமையாகவும் இதை எண்ணிவிட வேண்டாம். வடமாநிலங்கள் நடத்திய சிறைகளிலும் இப்படிப்பட்ட கோடுகள் இருந்தன.

போர் முடிந்ததும் முகாமின் பொறுப்பாளரான கேப்டன் ஹென்றி விர்ஸ் வாஷிங்டனில் இராணுவ ஆணையத்தின் முன் நிறுத்தப்பட்டார். 1865 நவம்பர் 10 அன்று தூக்கிலிடப்பட்டார். அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் இந்தக் கோடும் ஒன்று. குற்றப்பத்திரிகை அதை வருணிக்கும் விதம் சொல்லாய்வு செய்பவருக்குப் புதையல். அந்தக் கோடு பல இடங்களில் வெறும் கற்பனைக் கோடாகவே இருந்தது. மற்ற இடங்களில் உறுதியற்ற சிறு கம்பங்களின்மேல் ஆணியடித்த, நிலைகொள்ளாத பலகைக் கீற்றுகளாக இருந்தது என்கிறது அது.

கற்பனைக் கோடு என்ற சொற்களைக் கவனியுங்கள். நேர்ப்பொருள் என்றால் கைக்கு அகப்படும் திடப்பொருள், உருவகம் என்றால் காற்றில் மிதக்கும் எண்ணம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஆனால் முதல் ‘டெட் லைன்’ பாதி இடங்களில் கண்ணுக்கே தெரியாதது. அதற்கு வலிமை தந்தது பலகை இல்லை, காவலருக்குக் கொடுக்கப்பட்ட ஆணை. பலகை உடைந்து விழுந்த இடத்திலும் ஆணை விழவில்லை. ஆக, பிறக்கும்போதே அந்தச் சொல்லுக்குள் ஒரு பொருளும் இருந்தது, ஒரு விதியும் இருந்தது. பின்னால் பொருள் கழன்று விதி மட்டும் தங்கியதில் வியப்பு என்ன இருக்கிறது?

வழக்கு நடந்த மாதங்களில் சாட்சியங்கள் செய்தித்தாள்களில் வெளிவந்தன. விடுதலையான கைதிகள் நினைவுக்குறிப்புகளை எழுதிக் குவித்தார்கள். சிறைக்குள் புழங்கிய குழூஉக்குறி அப்படித்தான் நாட்டின் பொதுச்சொல்லானது. அக்கால நூல்களில் இந்தச் சொல் மேற்கோள் குறிக்குள் இருப்பதைப் பார்க்கலாம். எழுதுபவர் ‘இது என் சொல் இல்லை, அவர்கள் அப்படி அழைத்தார்கள்’ என்று கையைத் தள்ளி வைத்துக்கொள்கிறார். பிறகு மேற்கோள் குறி போகிறது. இரண்டு சொல்லுக்கு இடையே ஒரு சிறுகோடு வருகிறது. பிறகு அதுவும் போய் ஒரே சொல்லாகிறது. மேற்கோள் குறி உதிரும் காலத்தை வைத்தே ஒரு சொல் எப்போது ஊருக்குள் வந்தது என்று ஓரளவு கணிக்கலாம்.

அடுத்த கை நியூயார்க் காவல்துறையுடையது. 1880-இல் அந்நகரின் துப்பறியும் பிரிவுக்குத் தலைமை ஏற்ற தாமஸ் பைர்ன்ஸ், மன்ஹாட்டனின் தென்கோடியில் உள்ள வங்கிகளையும் நகைக்கடைகளையும் காப்பதற்கு ஒரு வழி கண்டார். ஃபுல்டன் தெருவுக்குத் தெற்கே பெயர்போன திருடன் எவன் தலை தெரிந்தாலும் உடனே கைது. அதற்கு ‘டெட் லைன்’ என்று பெயர். இங்கே கம்பம் கிடையாது, பலகை கிடையாது, சாவும் கிடையாது. கோடு இருக்கிறது; தாண்டினால் கேள்விமுறையின்றித் தண்டனை என்ற விதி இருக்கிறது. அதே காலத்தில் கான்சாஸின் டாட்ஜ் சிட்டியில் ரயில் தண்டவாளத்தை ‘டெட் லைன்’ என்றார்கள். தண்டவாளத்துக்கு வடக்கே துப்பாக்கியோடு வரக்கூடாது. கும்மாளம் எல்லாம் தெற்கேதான்.

ஆனால் இந்த வரிசையை ஒரு நேர்கோடாக நினைத்துவிடக் கூடாது. மேற்கு அமெரிக்காவில் மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கும் ஆட்டு மந்தைக்காரர்களுக்கும் இடையே மேய்ச்சல் நிலத்துக்காக நீண்ட பகை நடந்தது. மாட்டுக்காரர்கள் நிலத்தில் கோடு குறித்து, ஆடுகள் அதைத் தாண்டக் கூடாது என்று அறிவித்தார்கள். அதற்கும் ‘டெட் லைன்’ என்றே பெயர். தாண்டிய மந்தைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. 1909 ஏப்ரலில் வயோமிங்கின் டென் ஸ்லீப் ஊருக்கு அருகே, அப்படிக் கோட்டைத் தாண்டி ஆடு ஓட்டி வந்த மூன்று பேரை மாட்டுக்காரர்கள் கொன்றார்கள். நியூயார்க்கில் சாவு கழன்று 29 ஆண்டுகள் கழித்து வயோமிங்கில் அதே சொல் பழைய கொடூரத்தோடு வாழ்ந்துகொண்டிருக்கிறது. பழைய பொருள் செத்த பிறகுதான் புதிய பொருள் பிறக்கும் என்பதில்லை. இரண்டும் பல ஆண்டுகள் ஒரே நாட்டில், வேறு வேறு வாய்களில் கூடி வாழ்கின்றன. எந்த ஆண்டில் பொருள் மாறியது என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

இதுவரை பார்த்தவை அனைத்தும் நிலத்தில் கிடக்கும் கோடுகள். நிலத்திலிருந்து நேரத்துக்கு ஏறிய படிதான் பெரிய படி. இங்கே அச்சகம் உள்ளே வருகிறது. அச்சு இயந்திரத்தின் தளத்தில் ஓர் எல்லைக்கோடு உண்டு. கோத்த எழுத்துகள் அதற்கு வெளியே போனால் தாளில் விழாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அச்சுத்தொழிலாளர்கள் அதை ‘டெட்-லைன்’ என்றார்கள். 1917-இல் வந்த ஓர் அச்சுக்கலைப் பாடநூலில் அது இருக்கிறது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில், இந்த நேரத்துக்குப் பின் வரும் செய்தி இந்தப் பதிப்பில் ஏறாது என்ற எல்லைக்கும் அதே சொல் வழங்கத் தொடங்கியது. 1920-க்குள் அது அத்தொழிலில் ஊறிய சொல்லாகிவிட்டது.

அச்சகக் கோடுதான் செய்தியறைக் கோட்டுக்குத் தாய் என்று பலர் எழுதுவதைப் பார்க்கலாம். ஒரே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் அச்சும் மேல்தளத்தில் ஆசிரியர் குழுவும் இருந்த காலம். எண்ணிப் பார்க்க இனிமையான விளக்கம். ஆனால் அதை உறுதிசெய்யும் ஆவணம் இல்லை. சிறைக் கோட்டின் நினைவு நேராகவே செய்தியாளர்களுக்கு வந்திருக்கலாம். இரண்டும் கலந்திருக்கவும் கூடும். சொற்பிறப்பில் அழகான கதை கிடைத்தால் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. நாசவேலையைக் குறிக்கும் ‘சபோட்டாஜ்’ என்ற சொல்லுக்குத் தொழிலாளர்கள் தங்கள் மரக்காலணியை இயந்திரத்துக்குள் எறிந்த கதையைச் சொல்வார்கள். காலணிக்கும் சொல்லுக்கும் பிரெஞ்சில் உறவு உண்டுதான்; எறிந்த கதைக்கு ஆதாரம் கிடையாது.

செய்தியறையில் இந்தச் சொல் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொண்டதற்கு ‘டெட்’ என்ற பாதியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் ‘டெட்’ செத்ததை மட்டும் குறிப்பதில்லை. சற்றும் பிசகாத, முழுமையான என்ற பொருளிலும் அது நூற்றாண்டுகளாக வருகிறது: ‘டெட் ஸ்டாப்’, ‘டெட் சென்டர்’. செயலற்றது என்ற பொருளும் உண்டு. முகவரி தெரியாமல் தபால் நிலையத்தில் தங்கும் கடிதம் ‘டெட் லெட்டர்’. ஆகவே சிறையை அறியாத ஒருவர் ‘டெட்லைன்’ என்று கேட்டால், இதற்கு அப்பால் இம்மியும் கிடையாது என்று தாமாகவே பொருள் கொள்ள முடியும். பழைய பொருள் மறந்த பிறகும் சொல் ஊனமாகத் தெரியவில்லை. இதே பாதியிலிருந்து இன்னொரு கிளையும் முளைத்திருக்கிறது. அமெரிக்க இராணுவத்தில் பழுதாகி ஓரங்கட்டப்பட்ட வண்டியை ‘டெட்லைன்’ செய்யப்பட்டது என்கிறார்கள். அங்கே காலக்கெடு எதுவும் இல்லை. வண்டி ஓடாது, அவ்வளவுதான்.

இடத்தைக் குறித்த சொல் நேரத்தைக் குறிக்க வந்தது தற்செயல் இல்லை. நேரத்தைப் பற்றிப் பேச ஆங்கிலத்துக்குத் தனிச்சொற்கள் மிகக் குறைவு. நீளம், குறுக்கம், முன், பின், அருகில், தொலைவில் என்று எல்லாம் இடத்திலிருந்து வாங்கியவை. மொழியியலாளர் ஜார்ஜ் லேக்காஃப், தத்துவ அறிஞர் மார்க் ஜான்சன் ஆகிய இருவரும் 1980-இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்கள்: உருவகம் கவிஞரின் அணிகலனாக மட்டும் நிற்பதில்லை, அன்றாடப் பேச்சின் எலும்பிலேயே இருக்கிறது. அவர்கள் காட்டிய திசையும் முக்கியமானது. தொட்டறியக்கூடிய ஒன்றைக் கொண்டு தொட முடியாத ஒன்றைப் பேசுகிறோம். கையால் பற்றுவது புரிந்துகொள்வதாகிறது: ‘கிராஸ்ப்’. கண்ணால் பார்ப்பது அறிவதாகிறது: ‘ஐ சீ’. இடம் நேரமாகிறது. இதன் எதிர்த்திசைப் போக்கு மிக அரிது. விதி உண்டா என்று கேட்டீர்களே, ஒரு சொல் எங்கே போகும் என்று முன்கூட்டிச் சொல்லும் விதி கிடையாது. போனால் எந்தத் திசையில் போகும் என்று ஓரளவு சொல்லலாம்.

இடத்தையும் நேரத்தையும் நம் மனம் எவ்வளவு நெருக்கமாக முடிச்சுப் போட்டிருக்கிறது என்பதற்கு உளவியல் ஆய்வாளர்களான லேரா போரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்கரும் 2002-இல் வெளியிட்ட சோதனை ஒன்றைச் சொல்லலாம். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘ஃபார்வர்டு’, அதாவது முன்னோக்கி, நகர்த்தப்பட்டது; இப்போது என்ன கிழமை? ஆங்கிலம் பேசுபவர்களில் சிலர் திங்கள் என்பார்கள், சிலர் வெள்ளி என்பார்கள். நாம் நேரத்தை நோக்கி நடக்கிறோமா, நேரம் நம்மை நோக்கி வருகிறதா என்பதைப் பொறுத்தது விடை. விமான நிலையத்தில் கேட்டபோது, பயணம் செய்து வந்தவர்களும் செய்யவிருந்தவர்களும், யாரையோ அழைத்துப்போக வந்து காத்திருந்தவர்களைவிட அதிகமாக வெள்ளி என்றார்கள். உடல் நகர்ந்தவருக்கு, அல்லது நகரத் தயாராக இருந்தவருக்கு, தாமே நேரத்தின் ஊடே நகர்வதாகத் தோன்றுகிறது.

இதை ‘டெட்லைன்’ மேல் வைத்துப் பாருங்கள். ஆண்டர்சன்வில்லில் கோடு அசையாது. மனிதன்தான் அதை நெருங்கினான். நகராமல் உட்கார்ந்திருந்தால் ஆபத்தில்லை. இன்று ஆங்கிலத்தில் ‘டெட்லைன்’ நெருங்கி வருகிறது, தலைக்கு மேல் தொங்குகிறது, நம்மைக் கடந்து போய்விடுகிறது. சும்மா உட்கார்ந்திருப்பவன்தான் மாட்டிக்கொள்கிறான். கோடு அப்படியே இருக்க, அசைபவர் மாறிவிட்டார். உருவகமாற்றத்தின் ஆழத்தை அகராதி தரும் பொருள் விளக்கத்தில் தேடுவதைவிட இங்கே தேடுவது நல்லது.

அதனால்தான் நான் எப்போதும் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு அதோடு வரும் வினைகளைப் பார்ப்பேன். பழைய கோட்டைத் ‘தாண்டினார்கள்’, ‘தொட்டார்கள்’, அதன்மேல் ‘விழுந்தார்கள்’. இன்றைய கெடுவை ‘மீட்’ செய்கிறார்கள், ‘மிஸ்’ செய்கிறார்கள், ‘எக்ஸ்டெண்ட்’ செய்கிறார்கள். விர்ஸின் முகாமில் ‘டெட் லைனை’ச் சந்திப்பது யாருக்கும் இலட்சியமாக இருந்திருக்காது. இன்று அதுதான் நல்ல ஊழியரின் இலக்கணம். எக்ஸ்டெண்ட் என்றால் நீட்டுவது. ஒரு கோட்டை நீட்டினால் அது நீளமாகுமே தவிர அப்பால் தள்ளிப் போகாது. ஆங்கிலம் பேசுபவர் எவரும் இந்த முரணை உணர்வதில்லை. உணராததே சான்று: அவர் மனத்தில் கோடு இல்லை.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘டெட்லைன்’ இன்று உருவகப் பொருளில் வழங்குகிறது என்று கேள்வியில் இருக்கிறது. பல பாடநூல்களும் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கடைசி நாள் என்பது இன்று அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். உருவகம் என்றால் கேட்பவர் மனத்தில் இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும், ஒன்றன் வழியாக மற்றொன்று தெரிய வேண்டும். இங்கே ஒன்றுதான் இருக்கிறது. 1880-இல் பைர்ன்ஸின் கோட்டைப் பற்றிக் கேட்ட நியூயார்க்வாசிக்குப் போர்ச்சிறை நினைவு வந்திருக்கும். அவருக்கு அது உருவகம். இன்று வரி கட்டக் கடைசி நாளைப் பார்த்து ஓடுபவருக்கு எதுவும் நினைவு வருவதில்லை. உருவகமாக இருப்பது சொல்லின் வாழ்வில் ஒரு இடைப்பருவம். அதைக் கடந்தால் சொல் மறுபடியும் நேர்ச்சொல்தான். டெட்ரே ஜென்ட்னரும் பிரையன் பௌடிலும் இதை உளவியல் பக்கத்திலிருந்து ஆராய்ந்திருக்கிறார்கள். புதிய உருவகத்தைக் கேட்கும்போது மனம் இரண்டு பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. அது பழகிப்போனால் ஒப்பிடுவதை விட்டுவிட்டு நேராகவே ஒரு வகைக்குள் போட்டுக்கொள்கிறது என்பது 2005-இல் அவர்கள் வைத்த வாதம்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது புதிது இல்லை. நன்னூல் ஆகுபெயரை வரையறுக்கும்போது, ஒன்றன் பெயர் அதனோடு இயைந்த வேறொன்றைக் குறிப்பதாக மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. ‘தொன்முறை உரைப்பன’ என்றும் சேர்க்கிறது. தொன்றுதொட்டு அப்படிச் சொல்லி வந்திருக்க வேண்டும். ஒருவர் இன்று புதிதாக இட்டுக்கட்டியது ஆகுபெயராகாது. ஊர் ஏற்று வழங்கியதே ஆகும். மேற்கோள் குறி உதிரும் கதையும் இதைத்தான் சொல்கிறது.

‘டெட்லைன்’ தன் பல்லை இழந்ததற்கு இன்னொரு சான்று ஆங்கிலத்துக்கு உள்ளேயே இருக்கிறது. கெடுக்கள் நீட்டப்பட்டு நீட்டப்பட்டு அந்தச் சொல்லின் மேல் யாருக்கும் பயம் இல்லாமல் போனது. இதற்கு மேல் சத்தியமாக நீட்டிப்பு இல்லை என்று சொல்ல வேறு சொல் தேவைப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலுவலக ஆங்கிலத்தில் ‘டிராப்-டெட் டேட்’ வந்து சேர்ந்தது. செத்து விழும் நாள்! சாவைக் கழற்றிப் போட்ட சொல்லுக்குப் பக்கத்தில் சாவை மறுபடியும் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ‘ஹார்டு டெட்லைன்’, ‘சாஃப்ட் டெட்லைன்’ என்ற பாகுபாடும் இப்படி வந்ததுதான். மெத்தென்ற மரணக்கோடு என்று 1864-இல் சொல்லியிருந்தால், சொன்னவர் மூளை கலங்கியவர் என்று கேட்டவர் நினைத்திருப்பார்.

எல்லாச் சொற்களும் இதே வழியில் போவதில்லை. ‘பிராட்காஸ்ட்’ உழவர் வயலிலிருந்து வந்தது: விதையைக் கையால் அள்ளிப் பரவலாக வீசி விதைப்பது. செய்தியைப் பரப்புவதற்கும் அதைச் சொல்வது வானொலிக்கு வெகு முன்பே உண்டு. 1922-இல் பிபிசி தொடங்கியபோது தன் பெயரிலேயே அதைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் நகரத்தவருக்கு வயல் மறந்துபோனது. ஆனால் வேளாண் கல்லூரியில் இன்றும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது. ஒரு சொல்லின் நேர்ப்பொருள் எது என்பதற்குக்கூட ஆளைப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

‘ஜக்கர்நாட்’ இன்னும் விசித்திரம். பூரி ஜகந்நாதரின் பெயர் அது. தேரின் சக்கரத்தில் பக்தர்கள் விழுந்து உயிர்விடுகிறார்கள் என்ற மிகைப்படுத்திய வருணனைகளைப் பயணிகளும் மதபோதகர்களும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1806-இல் பூரிக்குச் சென்ற கிளாடியஸ் புக்கானன் 1811-இல் வெளியிட்ட நூல் அவற்றுள் மிகவும் பரவலாகப் படிக்கப்பட்டது. எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிப் போகும் பேராற்றல் என்று ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. பின்னாளில் பிரிட்டனில் ராட்சத லாரிகளுக்கும் அதுவே பெயராயிற்று. பெரிய எழுத்தில் தொடங்கிய சொல் சிறிய எழுத்துக்கு இறங்கியது. அந்தச் சொல்லைப் புழங்கிய ஆங்கிலேயரில் பெரும்பாலோர் தேரைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை. உருவகம் பிறக்க மூலம் உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை; அப்படி ஒரு கதை நம்பப்பட்டால் போதும். நமக்கு அதில் எரிச்சல் வருவது நியாயம்தான், ஆனால் சொல் அதற்காகக் காத்திருக்கவில்லை.

தவறாகாதா என்ற கேள்விக்கு வருகிறேன். மூலப்பொருள்தான் உண்மைப் பொருள் என்று நினைப்பது மொழியியலில் நன்கு அறியப்பட்ட பிழை. அப்படிப் பார்த்தால் மூலம் எங்கே முடிகிறது? மக்கள் சண்டை போடும் இடம் ‘லிட்டரலி’. எழுத்தின்படி, சொன்னது சொன்னபடி என்று பொருள்படும் அந்தச் சொல்லையே மிகைக்குப் பயன்படுத்துகிறார்களே என்று ஆங்கிலத்தில் ஆண்டுதோறும் ஒப்பாரி எழுகிறது. அப்படிப் பயன்படுத்தியதற்கான சான்று 1769-இல் ஃபிரான்சிஸ் புரூக் எழுதிய நாவலிலேயே கிடைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2011-இல் அந்தப் பயன்பாட்டைப் பதிந்தது. 2013-இல் செய்தித்தாள்கள் அதைக் கண்டுபிடித்து ஆங்கிலமே அழிந்ததுபோல் எழுதின. அகராதி சொல்லுக்கு அனுமதிச்சீட்டு கொடுக்கும் அலுவலகம் இல்லை. நடந்ததைக் குறித்து வைக்கிறது. ‘லிட்டரலி’யை அப்படி எழுத எனக்கும் பிடிக்காதுதான், அது என் ரசனை, இலக்கணம் ஆகாது.

மாணவர்களுக்கு மூலக்கதையை முதலில் சொல்லாதீர்கள். கதை நன்றாக இருப்பதால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு, தேர்வில் ‘கிராஸ் தி டெட்லைன்’ என்று எழுதி வைப்பார்கள். முதலில் வினைகள்: செட், மீட், மிஸ், எக்ஸ்டெண்ட். அவை வாயில் படிந்த பிறகு, மேலே வந்த பயன்பாடுகளைத் தனித்தனி வாக்கியங்களாக எழுதி, ஆண்டைச் சொல்லாமல் கொடுத்து, காலவரிசைப்படி அடுக்கச் சொல்லுங்கள். வயோமிங் ஆட்டு வாக்கியத்தைப் பெரும்பாலோர் நியூயார்க்குக்கு முன்னால் வைப்பார்கள். ஏன் அப்படி வைத்தீர்கள் என்று கேட்டால், பழைய பொருள் போன பிறகே புதியது வரும் என்று அவர்களே வாயைத் திறந்து சொல்வார்கள். பாடத்தை அங்கே தொடங்கலாம்.